ஹம் நகரில் மட்டை ஊறும் மணம்

ஜெர்மனிக்குப் போகிறேன் என்றதும் எங்கள் தெருவில் எல்லோரும் கேட்ட கேள்வி, என்னென்ன சுற்றிப் பார்க்கப் போகிறாய் என்பதுதான். ஒரு வீட்டுச் சமையலறைத் தரைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வேலை விஷயமாக என்று சொல்லி நழுவிவிட்டேன்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் என் சித்தப்பாவுக்கு ஒரு நார் மில் இருக்கிறது. தேங்காய் நாரில் ரப்பர் பால் தெளித்து, அழுத்தி, நான்கு விரல் கனத்தில் பலகை செய்கிறோம். முதலில் மெத்தைக்காகத்தான் செய்தோம். குளிர் நாடுகளில் பழைய வீடுகளின் மரத்தரைக்கு அடியில் வெற்றிடம் இருக்கும், அதற்குள் காற்று புகுந்து தரையையே ஐஸ் ஆக்கிவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டபிறகு எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. தரையைத் தாங்கும் உத்தரங்களுக்கு நடுவே எங்கள் பலகையை வைத்து அடைத்தால் என்ன? மூன்று வருடம் அதிலேயே கிடந்தேன். முதல் பலகை தொய்ந்தது. இரண்டாவதில் பூச்சி வைத்தது. மூன்றாவது எல்லாச் சோதனைக்கும் நின்றது.

போன அக்டோபரில் அதை முதன்முதலாக ஒரு உண்மையான வீட்டில் பொருத்தினோம். ஹம் என்ற ஊரில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அன்ரன் அண்ணையின் வீடு. எங்கள் நாரை வாங்கும் ஒருவர் மூலம் பழக்கமானவர். நான் படம் வரைந்து அனுப்பினேன், பலகையை அனுப்பினேன், அங்கே உள்ள தச்சர் ஒருவர் பொருத்தினார். பிப்ரவரியில் நானே நேரில் போய்ப் பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கொலோனில் கூடும் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. ஹம் வீடு நன்றாக இருந்தால் அடுத்து அந்தப் பன்னிரண்டு வீடு. இல்லையென்றால் மூன்று வருடமும் போச்சு. நான் எதற்கும் பயப்படுகிற ஆள். விமானத்தில் கொடுத்த சாப்பாட்டைத் தொடக்கூட இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஹம் நிலையத்தில் இறங்கியபோது அன்ரன் அண்ணை என் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நடைமேடையில் சேலைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்ற ஒரே ஆள் நான். அட்டைக்கு அவசியமே இல்லை. ஐம்பது தாண்டியவர், கம்பித் தொழிற்சாலையில் வேலை. காரில் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டார்.

"தங்கச்சி, உங்கட பலகை எங்களுக்குச் செய்த உதவியை வாயால சொல்ல ஏலாது. போன வருஷம் இந்த மாசம் குசினி நிலம் பதினொரு டிகிரி. இப்ப பத்தொன்பது. நான் கோயில்ல எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

கோயில் என்று அவர் சொன்னது மாதா கோயிலை. நிலம் என்றால் அவர்களுக்குத் தரை, குசினி என்றால் சமையலறை. பத்தொன்பது என்ற எண்ணைக் கேட்டதும் எனக்கு உடம்பே லேசானது.

வீடு, சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய பழைய செங்கல் வரிசை வீடுகளில் ஒன்று. ஒரு பாதிக்கு அடியில் நிலவறை இருக்கிறது. சமையலறைப் பக்கம் முழங்கால் உயர வெற்றிடம்தான். கதவைத் திறந்த ஜெசிந்தா அக்கா, அன்ரன் அண்ணையின் மனைவி, முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். வெறுங்காலோடு நின்றார். காலைத் தூக்கி எனக்குக் காட்டவே செய்தார். "பாத்தனீங்களோ? பத்தொன்பது வருஷமா இந்த வீட்டில ரெண்டு சோடி காலுறை போட்டுத்தான் சமைச்சனான்."

அவர் பின்னால் உள்ளே போனேன். சமையலறைக்குள் கால் வைத்ததுமே என் மூக்கில் ஒரு மணம் ஏறியது.

எங்கள் மில்லுக்குப் பின்புறம் மட்டை ஊறப்போடும் தொட்டி உண்டு. பத்து நாள் ஊறிய மட்டையைக் கிளறினால் வரும் மணம் அது. புளிப்பும் இல்லை, நாற்றமும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஒன்று. காய்ந்த நாருக்கு அந்த மணம் வராது. தண்ணீரில் கிடக்கும் நாருக்குத்தான் வரும்.

"அக்கா, இந்த மணம் எப்பயிருந்து வருது?"

"நத்தாருக்குப் பிறகு எண்டு நினைக்கிறன். தும்பு மணம்தானே! வாற ஆக்களெல்லாம் நல்ல மணமெண்டு சொல்லுவினம். இவர் சொல்லுவார், குசினிக்க வந்தா ஊர் ஞாபகம் வருதாம்." நத்தார் என்றால் அவர்களுக்குக் கிறிஸ்துமஸ், தும்பு என்றால் நார்.

புட்டும் மீன் குழம்பும் சம்பலும் வைத்தார்கள். எங்கள் ஊர்க் குழம்பைவிடக் காரம். கண்ணில் தண்ணீர் வந்தது. காரத்தால்தான் என்று நினைத்து, அக்கா தேங்காய்ப்பால் சொதியை ஊற்றினார்.

வெள்ளிக்கிழமை காலை ஜன்னல் வழியாகப் பார்த்தால், பக்கத்து வீட்டு ஜெர்மன்காரப் பெரியவர் தன் வீட்டு ஜன்னல்களை ஒன்றுவிடாமல் அகலத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். வெளியே மைனஸ் நான்கு. வீட்டில் ஹீட்டர் ஓடுகிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் ஊரில் ஏசி ஓடும்போது கதவைத் திறந்தாலே திட்டு விழும்.

"இங்க உள்ளவை நாளுக்கு ரெண்டு தரம் இப்பிடித்தான் திறந்து விடுவினம். எங்களுக்குச் சரிவராது. வந்த சூட்டை ஏன் வெளியில விடுவான்?" என்றார் ஜெசிந்தா அக்கா.

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "கண்ணு, அவங்களுக்குக் குளிர் போச்சா? போச்சு. அப்புறம் என்ன? ஞாயித்துக்கெழமக் கூட்டத்த நல்லபடியா முடிச்சுட்டு வா. அடியில போயி நோண்டிட்டு இருக்காத."

"ஊற வெச்ச மணம் வருதுங்க சித்தப்பா."

"நாருன்னா மணக்காமயா இருக்கும்?"

அவருக்குத் தெரியாததா? முப்பது வருடமாக அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறவர். அவர் குரல் கொஞ்சம் இறங்கியதைக் கவனித்தேன். அவருக்கும் பயம்தான்.

மரத்தின் ஈரத்தை அளக்கும் கருவி ஒன்று வாங்கலாம் என்று பஸ் ஏறினேன். நிறுத்தம் வந்தால் கண்டக்டர் சத்தம் போடுவார் என்று காத்திருந்தது என் தப்பு. கண்டக்டரே கிடையாது. கம்பியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால்தான் நிற்கும். யாரும் அழுத்தவில்லை. பஸ் கடையைத் தாண்டி, ஊரைத் தாண்டி, ஒரு கால்வாய் ஓரத்தில் போய் நின்றது. ஓட்டுநர் அம்மா திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். "கடைசி நிறுத்தம், இறங்கு" என்பதற்கு மொழி தேவையில்லை. பாதி மழையும் பாதிப் பனியுமாக ஒன்று பெய்துகொண்டிருந்தது. அதில் நாற்பது நிமிடம் கடைக்குத் திரும்பி நடந்தேன். காது இருக்கிறதா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கருவியோடு வந்தபோது சாயங்காலம். அக்கா புட்டு அவித்துக்கொண்டிருந்தார். கருவியின் இரண்டு ஊசிகளையும் அடுப்புக்குப் பக்கத்தில் தரைப் பலகைகளின் இடுக்கில் குத்தினேன். கீச்சென்று கத்தி, சிவப்பு விளக்கு எரிந்தது. வேறு இடத்தில் குத்தினேன். அங்கேயும் சிவப்பு.

நிமிர்ந்து பார்த்தேன். புட்டுக் குழலிலிருந்து ஆவி குபுகுபுவென்று மேலே போய்க்கொண்டிருந்தது. பக்கத்துப் பானையில் சோறு கொதித்தது. மூடிய ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக வழிந்து கீழே சட்டத்தில் தேங்கியிருந்தது. குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் ஆவி தண்ணீராகிவிடுகிறது. இதை நான் எட்டாம் வகுப்பிலேயே படித்திருக்கிறேன்.

கருவியை அணைத்துவிட்டு, நான் வரைந்து அனுப்பிய படத்தை நினைத்துப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் ஈரம் என்றால் அது மண்ணிலிருந்து ஏறுவதுதான். வீடு கட்டும்போது தரைக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்துத்தான் கான்கிரீட் போடுவோம். அதே நினைப்பில் ஹம் வீட்டுப் படத்திலும் நார்ப் பலகைக்கு அடியில், மண்ணைப் பார்த்த பக்கம், ஒரு கனமான பிளாஸ்டிக் தாளை வரைந்திருந்தேன். கை பழகிய கோடு. யோசிக்காமல் போட்டேன். ஆனால் இந்த ஊரில் குளிர்காலத்து ஈரம் மண்ணிலிருந்து வருவதில்லை. வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது. புட்டிலிருந்து, சோற்றிலிருந்து, குளிக்கிற வெந்நீரிலிருந்து, மனிதர்கள் விடுகிற மூச்சிலிருந்து. அது தரை இடுக்கு வழியாக நாருக்குள் இறங்கியிருக்கிறது. அடியில் என் பிளாஸ்டிக் தாள் அந்தக் கண்ணாடியைப் போலவே சில்லென்று இருந்திருக்கிறது. நான்கு மாதமாக அதன்மேல் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. தாள் மேல்பக்கம், சூட்டின் பக்கம் இருந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஜன்னலைத் திறந்து வைத்ததும் அந்த ஈரத்தைத் துரத்தத்தான்.

பலகை நனைந்தால் பரவாயில்லை, வேறு செய்யலாம். அந்த நாரோடு ஒட்டிக்கொண்டு நிற்பவை வீட்டின் உத்தரங்கள். அவை உளுத்துப்போயிருந்தால்? அக்கா அடுப்புக்கு முன்னால் வெறுங்காலோடு நின்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலைச் சாப்பாட்டில் சொன்னேன். கல்லுப் போன்ற குட்டி ரொட்டிகளைப் பிட்டு, வெண்ணெயும் கட்டைச் சம்பலும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தட்டைத் தள்ளிவிட்டுப் பேசினேன். என் படத்தில் தப்பு, அடியில் ஈரம் நிற்கிறது, உடனே திறந்து பார்க்க வேண்டும் என்றேன்.

அன்ரன் அண்ணை சிரித்தார். விளையாடுகிறேன் என்று நினைத்தார் போல. பிறகு சிரிப்பு நின்றது.

"எங்கட காலுக்குக் கீழ தண்ணி நிக்குது எண்டுறியளோ?"

"ஆமாங்க அண்ணை."

"நாளைக்குப் பன்னிரண்டு குடும்பம் என்ர சொல்லை நம்பி வருகுது. இப்ப சொல்லுறியள்."

எழுந்து போய்விட்டார். ஜெசிந்தா அக்கா போனை எடுத்தார். பலகை பொருத்திய தச்சர் ஒரு பெண், ஃப்ராவ் லேமன். டெர்மின் இல்லாமல், அதாவது முன்கூட்டியே நேரம் குறிக்காமல் கூப்பிட்டால் வரமாட்டார் என்று பயந்துகொண்டேதான் அக்கா அவரைக் கூப்பிட்டார். ஒரு மணி நேரத்தில் அந்த அம்மா வந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும், கறுப்புக் கோர்டுராய்க் கால்சட்டை, காதில் பென்சில். நான் சொல்வதை அக்கா மொழிபெயர்க்க, அவர் தலையை ஆட்டியபடி கேட்டார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னார்.

அக்கா தயங்கினார். "அவ சொல்லுறா, தாள் கீழ்ப்பக்கம்தானோ எண்டு உங்களிட்ட ரெண்டு தரம் எழுதிக் கேட்டவவாம். ரெண்டு தரமும் ஓம் எண்டு எழுதினீங்களாம்."

உண்மைதான். அந்த இரண்டு கடிதமும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "வெளிநாட்டுக்காரர்களுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்" என்று மில்லில் சொல்லிச் சிரித்தோம்.

நிலவறையிலிருந்து ஒரு சின்னக் கதவு வழியாகத் தவழ்ந்து போனோம். ஃப்ராவ் லேமன் முன்னால், நான் பின்னால். நெற்றியில் விளக்கு. மண் வறண்டு போய்க் கிடந்தது, அதில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தலைக்கு மேலே பிளாஸ்டிக் தாள் மாட்டு மடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கத்தியால் ஒரு கீறல் போட்டார். ஒரு குடம் தண்ணீர் இருக்கும், என் முகத்திலேயே கொட்டியது. பழுப்புத் தண்ணீர், ஊறிய மட்டைத் தண்ணீர். அதன் சுவைகூட எனக்குத் தெரிந்த சுவை.

பலகைகளை இழுத்துப் போட்டோம். காய்ந்தபோது ஒரு கையால் தூக்கியவற்றை இப்போது இருவர் இழுக்க வேண்டியிருந்தது. பிறகு ஃப்ராவ் லேமன் இடுப்பிலிருந்து குத்தூசியை எடுத்து முதல் உத்தரத்தில் ஓங்கிக் குத்தினார். டக் என்றது, நுனிகூட இறங்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். மேலே யாரோ நடக்கும் சத்தம் கேட்டது, அன்ரன் அண்ணையாகத்தான் இருக்கும். எட்டு உத்தரம் டக் என்றன. அடுப்புக்கு நேர் கீழே இருந்த ஒன்பதாவதில் சத்தமே இல்லை. ஊசி கேக்கில் இறங்குவதுபோல் பாதிவரை இறங்கி நின்றது.

வெளியே வந்ததும் அவர் சொன்னதை அக்கா சொன்னார். எட்டு உத்தரம் பிழைத்தன, காய்ந்தால் போதும். ஒன்பதாவதின் முனையை வெட்டிவிட்டுப் புதுமரத்தைப் பக்கத்தில் சேர்த்துக் கட்ட வேண்டும். அதை அவரே செய்வார். இன்னொரு குளிர்காலம் விட்டிருந்தால் அடுப்போடு சேர்ந்து தரை கீழே போயிருக்கும். கோடை வரைக்கும் அடியில் எதையும் வைக்கக் கூடாது, காற்று ஓடட்டும்.

அன்ரன் அண்ணை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "என்ர முகத்தைக் கொண்டுபோய் எங்க வைக்கிறது?" என்றார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, சுவரைப் பார்த்துக் கேட்டார்.

அக்காதான் என்னைப் பார்த்துக் கேட்டார். "நாலு மாசம் இந்த நிலத்தில வெறுங்காலோட நிண்டனான் தங்கச்சி. அதுவும் பொய்யோ?"

"சூடு பொய்யில்லைங்க அக்கா. அது நிஜம். ஈரத்தை நான் யோசிக்கல." சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் துண்டை எடுத்து வந்து என் தலையைத் துவட்டினார். கொஞ்சம் அழுத்தமாகவே துவட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது சமையலறைத் தரை ஒன்பது டிகிரி. காலை வைத்ததும் குதிகாலிலிருந்து முட்டிவரைக்கும் வலி ஏறியது. இந்த வலியோடு பத்தொன்பது வருடம் ஒருத்தி சமைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா வேலைக்குப் போயிருந்தார். அன்ரன் அண்ணையையும் காரையும் காணோம். பூசைக்குப் போயிருப்பார், இனி என்னோடு வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டு தனியாகவே நிலையத்துக்கு நடந்தேன்.

ஹம்மில் ஒரு விசித்திரம் உண்டு. நீளமான ரயில் வந்து நின்று, அங்கே இரண்டாகப் பிரிந்து, முன்பாதி ஒரு வழியாகவும் பின்பாதி வேறு வழியாகவும் போகும். ஒலிபெருக்கியில் நீளமாகச் சொன்னார்கள். எல்லோரும் எழுந்து பெட்டி மாறி ஓடினார்கள். நான் கூட்டத்தில் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு, ஏறிய பெட்டியிலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கொலோன் போகவேண்டிய நான் டுசல்டோர்ஃபில் இறங்கினேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண் தன் போனில் வழி காட்டி, வேறு ரயிலைப் பிடித்துக் கொடுத்தாள். "இங்கே பிறந்த எனக்கே இரண்டு முறை இப்படி ஆகியிருக்கிறது" என்று அவள் சொன்னதை அவள் போனே மொழிபெயர்த்துக் காட்டியது.

ஒன்றேகால் மணி நேரம் தாமதம். கொலோனில் தமிழ்ச் சங்க மண்டபத்துப் படி ஏறினேன். கலைந்து போயிருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். யாரும் கலையவில்லை. ரோல்ஸும் வடையும் சுற்றி வந்துகொண்டிருந்தன. முன்னால் மேசையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதற்குள், தண்ணீர் சொட்டச் சொட்ட, எங்கள் நார்ப் பலகை. பக்கத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு அன்ரன் அண்ணை நின்றார்.

"வந்திட்டா" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "பலகை நல்லதெண்டு உங்களிட்டச் சொன்னது நான். இது என்ர வீட்டுக்குக் கீழ கிடந்தது, எல்லாரும் தொட்டுப் பாருங்கோ. ஏன் பிழையாப் போச்செண்டு இவ சொல்லுவா."

வாளி வரிசை வரிசையாகப் போனது. ஒவ்வொருவரும் பலகையைப் பிழிந்து பார்த்தார்கள். நான் கரும்பலகையில் தரையை வரைந்தேன், உத்தரத்தை வரைந்தேன், முதலில் தாளை எங்கே போட்டேன், எங்கே போட்டிருக்க வேண்டும் என்று காட்டினேன். புட்டு ஆவியைப் பற்றிச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். "அப்ப தாளை மேல போட்டு எங்கட வீட்டுக்கு இந்த வருஷமே பூட்டித் தருவியளோ?"

பூட்டுவது என்றால் அவர்களுக்குப் பொருத்துவது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் பன்னிரண்டு வீடும் கையில் இருந்தது. "மாட்டேங்க" என்றேன். "முதல்ல ஒரே ஒரு வீட்டுல போட்டு, ஒரு குளிர்காலம் முழுக்கப் பார்த்துட்டுத்தான் அடுத்தது."

"ஆற்ற வீட்டில?" என்றார் அவர், யாருடைய வீட்டில் என்று. யாரும் கை தூக்கவில்லை. நான் தரையைப் பார்த்தேன்.

"எங்கட நிலம் எப்பிடியும் திறந்துதானே கிடக்கு" என்றார் அன்ரன் அண்ணை. "கோடையில காயட்டும். பிறகு அங்கயே பூட்டுவம்."

நான் நன்றி சொல்ல வாய் திறக்குமுன் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "பொறுங்கோ. இந்தமுறை படம் கீறி அனுப்புற கதை இல்லை. வாற நவம்பருக்கு நீங்கள் வரவேணும். குசினிக்குப் பக்கத்து அறையில, அந்த நிலத்துக்கு மேல, பாய் போட்டுப் படுக்கவேணும். மார்ச் வரைக்கும்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

நவம்பரில் வருகிறேன் என்றேன்.